எந்தக் கூண்டோடு ஒப்பிட்டார்கள்?

‘தினமும் ஓடுங்க, மூளையில் புது நியூரான் முளைக்கும்’ என்கிற வரியை உடல்நலக் கட்டுரைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதுக்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கு. அதை நாம் வாசிக்கிற விதத்தில்தான் எனக்குச் சிக்கல்.

1997-ல் கெம்பர்மன், கூன், கேஜ் மூவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. சில சுண்டெலிகள் வழக்கமான ஆய்வகக் கூண்டில் இருந்தன. மற்றவை குழாய், சக்கரம், பொம்மைகள், நிறையத் துணை எலிகள் கொண்ட பெரிய கூண்டில். பெரிய கூண்டு எலிகளுக்கு ஹிப்போகேம்பஸின் டென்டேட் கைரஸ் பகுதியில் நியூரான்கள் சுமார் 15 சதவீதம் அதிகம். பிறந்த செல்கள் சாகாமல் தப்பிப் பிழைத்ததே முக்கியக் காரணம். ‘வளமான சூழல் மூளையை வளர்க்கும்’னு முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு நிரல் 15 சதவீதம் வேகமாச்சுன்னு யாராவது சொன்னா, ‘எதைவிட?’ என்றுதான் முதலில் கேட்பேன். இங்கே பேஸ்லைன் ஒரு வெறும் பிளாஸ்டிக் பெட்டி. வயலில் திரியும் எலிக்கு ஓட்டமும் வளையும் கூட்டமும் அன்றாட வாழ்க்கை. அப்போ அந்த ‘வளமான’ கூண்டு, பறித்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான். 1994-ல் பர்னியாவும் நாட்டெபோமும் வட அமெரிக்கச் சிக்கடிப் பறவைகளில் பார்த்ததும் இதையே: சுதந்திரமாகத் திரிந்தவற்றைவிடக் கூண்டுப் பறவைகளின் ஹிப்போகேம்பஸில் புது நியூரான்கள் குறைவு.

மூளை ரசாயனம் பற்றிய வேலைகளில் 2003-ல் சயன்ஸ் இதழில் வந்த சாண்டரெல்லி குழுவின் ஆய்வு எனக்குப் பிடிக்கும். செரட்டோனினைக் கூட்டும் ஃப்ளூவாக்செட்டின் மருந்து சுண்டெலிகளில் புது செல்களைக் கூட்டியது. எண்ணிக்கையோடு நிற்காமல், கதிர்வீச்சால் அந்தச் செல்கள் உருவாவதைத் தடுத்தும் பார்த்தார்கள். நடத்தையில் மருந்து தந்த மாற்றமும் காணாமல் போச்சு. காரணத்தைச் சோதிப்பது என்றால் இதுதான்.

இதெல்லாம் விலங்குகளில். மனிதரிடம் 2018-லேயே இரண்டு பதில்கள் வந்தன. சோரெல்ஸ் குழு, பெரியவர்களிடம் இளம் நியூரான்களே தென்படவில்லை என்றது. போல்ட்ரினி குழுவோ 79 வயதுவரை இருக்கு என்றது. இறந்தவர்களின் திசுவை எவ்வளவு நேரம், எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதே விடையை மாற்றிவிடலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஓடுவதை நிறுத்தச் சொல்லலை, இதயத்துக்கு நல்லது. ஆனா குழந்தைக்கு ‘மூளை வளர்க்கும்’ பொம்மை வாங்கும் முன், அதன் நாளிலிருந்து தெருவையும் மரத்தையும் கூட்டாளிகளையும் எடுத்துவிட்டோமா என்று பார்க்கலாம். அந்த எலிக் கூண்டு நம்மைக் கேட்கும் கேள்வி அது.