பாட்டுக்குக் கீழே

குறுந்தொகைப் பாட்டுக்குப் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிதான் அளவு. உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பைப் பிரித்தால், அந்தச் சின்னப் பாட்டுக்குக் கீழே குறிப்புகள் நீண்டு ஓடும். பலர் பாட்டைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எனக்கோ ருசி கீழேதான் தொடங்குகிறது. ஆய்வேடு எழுதப் புகும் மாணவர் யாராவது ஆராய்ச்சி எழுத்துக்கு ஒரு மாதிரி கேட்டால், நான் இந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன்.

அங்கே ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. ஏடுகளில் கண்ட பாடபேதங்கள் ‘பி-ம்.’ என்ற குறியோடு வந்து நிற்கும். பதவுரை, முடிபு, கருத்து, விசேட உரை எல்லாம் தனித்தனி. பாட்டு சொல்வது எது, ஐயர் சொல்வது எது, பிறர் சொன்னது எது என்று ஓரிடத்திலும் குழப்பம் வராது. ஆராய்ச்சி எழுத்தில் பாதி நேர்மை இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. மேற்கோள் எங்கே முடிகிறது, தன் கருத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஆய்வேடுகளைப் படித்து அலுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பாடபேதத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பாடத்தைத் தேர்ந்து பாட்டுக்குள் வைத்துவிட்டார். தள்ளியதை அப்படியே மறைத்திருந்தால் கேட்பார் யாருமில்லை. அன்றைக்கு அந்த ஏடுகளையெல்லாம் ஒருசேரப் பார்த்தவர் எத்தனை பேர்? ஆனாலும் தள்ளியதையும் அச்சிட்டார். ‘நான் இதைக் கொண்டேன், உமக்கு வேறு தோன்றினால் இதோ இருக்கிறது’ என்கிற மரியாதை அது. தன்னை மறுக்க விரும்புகிறவனுக்குத் தானே கருவியை எடுத்துக் கொடுப்பதற்குத் தைரியமும் வேண்டும்.

என்னை அதிகம் கவர்வது ‘மேற்கோளாட்சி’ என்ற பகுதி. இந்தப் பாட்டைப் பிற்காலத்து உரையாசிரியர்கள் யார் யார், எந்த நூலின் எந்தச் சூத்திரத்துக்கு உதாரணமாக எடுத்தார்கள் என்ற பட்டியல். இளம்பூரணர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் எல்லாரும் வரிசையில் வருவார்கள். ஒரு நூல் யாரை மேற்கோள் காட்டுகிறது என்று சொல்வது எவரும் செய்வது. ஒரு நூலை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று திருப்பிப் பார்ப்பது வேறு வித்தை. விஞ்ஞானக் கட்டுரைகளுக்கு இப்படியொரு அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு அமெரிக்காவில் 1964இல் கொண்டுவந்தபோது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. கணினியின் வாடையே இல்லாத காலத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் நானூறு பாட்டுக்கும் அதைச் செய்திருக்கிறார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஐயரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ விடை சொல்கிறது. சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க அவர் மல்லாடிய நாட்களில், நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் வந்துகொண்டே இருக்கும். எந்த நூல் என்று பல இடங்களில் சொல்லியிருக்காது. கேட்டறியாத நூல்களின் அடிகள். அவற்றைத் தேடிப் போனதில்தான் சங்க நூல்களின் வாசல் திறந்தது. மூலம் சொல்லாமல் விட்ட மேற்கோள் படிப்பவனை எப்படி அலைக்கழிக்கும் என்பதை அவர் உடம்பால் அறிந்தவர். அதனால்தான், தாம் எழுதும்போது நூற்பெயர், பகுதி, எண் எதையும் விடவில்லை.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ‘ஒப்புமைப் பகுதி’யில் சில சமயம் அளவு மீறிவிடுகிறார். ஒரு சாதாரணத் தொடருக்குப் பல நூற்றாண்டு பிந்திய காப்பியத்திலிருந்தும் புராணத்திலிருந்தும் அடிகளை அள்ளிவைப்பார். சேர்த்ததை விட மனம் வராதது புரிகிறது. மாணவர்கள் அதைப் பின்பற்ற வேண்டாம்.

மேல்நாட்டில் அடிக்குறிப்பின் சுவைக்கு எட்வர்ட் கிப்பனைச் சொல்வார்கள். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய அவருடைய நூலின் முதல் தொகுதி 1776இல் வந்தபோது குறிப்புகள் நூலின் கடைசியில் இருந்தன. ஒவ்வொரு முறையும் புரட்டிப் போக வேண்டியிருக்கிறதே என்று குறைபட்டு, பக்கத்தின் அடியிலேயே போடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதியவர் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம். பிறகு குறிப்புகள் கீழே இறங்கின. மேலே கம்பீரமாகப் பேசும் கிப்பன், கீழே குறும்பும் கிண்டலுமாக இன்னொரு மனிதர். ஐயருடைய குறிப்புகளில் அந்தச் சீண்டல் கிடையாது. அவருடைய சுவை, அடக்கத்தின் சுவை.

அதே 1937இல்தான், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்த கேட் டுராபியன், மாணவர்களுக்காகச் சிறு கையேடு ஒன்றை எழுதினார். ஓரம் எவ்வளவு விடவேண்டும், குறிப்பை எங்கே போடவேண்டும் என்பது போன்ற விதிகள். இன்றும் புதுப்புதுப் பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. பயனுள்ள நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் விதி கற்றுத்தருவது காற்புள்ளி வைக்கும் இடத்தை மட்டும். எதற்காகக் குறிப்பு என்ற கேள்விக்கு விதியில் பதில் தேட முடியாது.

நம் மாணவர்களுக்கு வாய்த்திருப்பது இன்னும் வறண்ட கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, மென்பொருள் காட்டும் ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. ஆகவே சொற்களை மாற்றிப் போட்டுச் சதவீதத்தைக் குறைப்பது ஒரு கைத்தொழிலாகிவிட்டது. நூற்பட்டியல் கடைசி வாரத்தில், மென்பொருளின் தயவில் முளைக்கிறது. அதில் உள்ள நூல்களில் பாதியை எழுதியவர் தொட்டுப் பார்த்திருக்கமாட்டார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. பக்க எண் கேட்டால் போதும்.

குறுந்தொகைக்கு 2010இல் ஈவா வில்டன் ஒரு செம்பதிப்பைக் கொண்டுவந்தார். கிடைத்த சுவடிகளையெல்லாம் மீண்டும் ஒப்பிட்டு, பேதங்களைப் பாட்டுக்குப் பாட்டு கீழே கொடுத்திருக்கிறார். சாமிநாதையர் கொண்ட பாடங்களும் ஒரு சுருக்கக் குறியோடு அந்தக் குறிப்புகளில் இடம்பெற்றிருக்கின்றன. சில இடங்களில் ஏற்கப்பட்டும், சில இடங்களில் தள்ளப்பட்டும்.