கடல் நுண்ணுயிரிகள் தகவமைந்துவிடுமா? ஓர் ஆய்வக முடிவின் மறுவாசிப்பு

கடல்நீரின் அமிலத்தன்மை கூடிவருவது பற்றிப் பேசும்போது, "நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகுபவை, எந்த மாற்றத்துக்கும் தகவமைந்துவிடும்" என்ற ஆறுதல் சொல்லப்படுவதுண்டு. இதற்குத் துணையாக நிற்கும் ஆய்வுகளுள் முக்கியமானது, செருமனியின் கீல் நகரில் லோபெக், ரீபெசல், ராய்ஷ் ஆகியோர் நடத்தி 2012இல் வெளியிட்டது.

நார்வேயின் பெர்கன் கடற்பகுதியில் எடுத்த எமிலியானியா ஹக்ஸ்லியி என்னும் ஒருசெல் பாசியை அவர்கள் வளர்த்தனர். இது தன் உடலைச் சுண்ணாம்புத் தகடுகளால் போர்த்திக்கொள்ளும். நீரில் கார்பன் டைஆக்சைடு மிகுந்தால் வளர்ச்சியும் தகடு உருவாக்கமும் குறையும். ஆனால் சுமார் 500 தலைமுறைகள் அத்தகைய நீரிலேயே வளர்ந்த பாசிகள், புதிதாக அந்நீரில் விடப்பட்டவற்றைவிட வேகமாக வளர்ந்தன. இழந்த தகடு உருவாக்கத்தையும் ஓரளவு மீட்டன. அருமையான சோதனை. குறை சொல்ல வேண்டியது அதை எடுத்தாள்வோரை.

ஏனெனில் கதை அங்கே முடியவில்லை. அதே சோதனை நான்கு ஆண்டுகள், ஏறத்தாழ 2100 தலைமுறைகள் வரை தொடர்ந்தது. 2016இல் வெளியான முடிவின்படி, வளர்ச்சி வேகம் சிறிதளவே கூடியது. மீண்டிருந்த தகடு உருவாக்கமோ மறுபடி குறைந்துபோனது. பழைய நீருக்குத் திருப்பியதும் தகடுகள் மீண்டும் வழக்கம்போல் உருவாயின. அதாவது திறன் மரபிலிருந்து அழியவில்லை. செலவு மிகுந்த வேலையை அந்நீரில் பாசி குறைத்துக்கொண்டது. (தனி உயிரி சூழலுக்குப் பழகுவதையும், தலைமுறைகளூடே மரபு மாறுவதையும் 'தகவமைதல்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது மாணவரைக் குழப்பும். பின்னதே பரிணாமம்.)

குடுவையில் இரைகொல்லி இல்லை. போட்டியிட வேறு இனமும் இல்லை. ஐந்து நாளுக்கொரு முறை புதிய ஊட்டநீர் கிடைக்கும். அங்கே வெல்வது வேகமாகப் பிரிவது மட்டுமே. தகடு எதற்குப் பயன்படுகிறதோ அதற்கான தேவை அங்கே எழாமலே போயிருக்கலாம் என்பது என் கருத்து.

கடலில் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2011இல் பெர்கன் அருகே ராவுனெ கடற்கழியில், பெரிய மிதவைப் பைகளுக்குள் இயற்கையான மிதவையுயிர்க் கூட்டத்தை அடைத்து, கார்பன் டைஆக்சைடை உயர்த்திப் பார்த்தனர். அளவு மிகுந்த பைகளில் இப்பாசி பெருக்கம் காணவே இல்லை. அவற்றுக்கு 500 தலைமுறை அவகாசம் கிடைக்கவில்லையே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் பெருகும் பருவத்துக்கு முன்பே அங்கு அவற்றின் எண்ணிக்கை சரிந்துவிட்டது. குடுவையில் அந்த இடத்தைப் பிடிக்க வேறு இனம் இருக்கவில்லை, கடலில் இருக்கிறது.