ரோஸி, லேடி, கருப்பி

பெண் நாய்க்குப் பெயர் வைப்பதில் நம் ஊரில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஆண் நாய்க்கு மணி, ராஜா, வீரன் என்று எதையும் வைக்கலாம். அந்தப் பெயரில் தெருவில் நான்கு ஆண்கள் இருந்தாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பெண் நாய்க்கு மட்டும் 'நம்ம வீட்டு' பெண்களின் பெயர் வரக்கூடாது. அதற்கென்று வெளியிலிருந்து ஒரு பட்டியல் வந்து கிடக்கிறது. முன்பு ரோஸி, ஜூலி, லூசி. இப்போது பெல்லா, லூனா, டெய்ஸி, பிரின்சஸ்.

இந்தப் பட்டியலை நியாயப்படுத்த ஒரு சொல் கைவசம் உண்டு: டீசன்ட். குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே என் அக்கா மகள், "சித்தி, பொம்பள நாயி, கொஞ்சம் டீசன்ட்டா பேரு வைங்க" என்றாள். நான் செல்லத்தாயி என்று வைத்தேன். மறுநாள் கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்துவிட்டார்.

"ஏம்மா, அது எங்க ஆத்தா பேரு. நாயப் போயி அப்படிக் கூப்பிடலாமா?"

"உங்க வீட்டு நாய் பேரு மணிதானேக்கா? உங்க மாமனார் பேரும் மணிதானே?"

அக்கா சிரித்துவிட்டார். "அது ஆம்பளப் பேரு. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஆணின் பெயர் நாயின் மேல் விழுந்தால் அழுக்காவதில்லை. பெண்ணின் பெயர் உடனே அழுக்காகிவிடும். ஏனென்றால் பெண்ணையும் நாயையும் சேர்த்துச் சொல்லும் ஒரு வசை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பெயர் வைக்கும்போது நாம் பயப்படுவது அந்த வசைக்குத்தான்.

அப்படியென்றால் ரோஸியும் ஜூலியும் யார்? அவையும் பெண்களின் பெயர்கள்தானே? சென்னையிலும் திருச்சியிலும் போத்தனூரிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில், கிறிஸ்தவக் குடும்பங்களில், பாட்டிகளும் பேத்திகளும் வைத்துக்கொண்டிருக்கும் பெயர்கள். அதே பெயர்களைத்தான் நம் பழைய சினிமா கிளப்பில் ஆடும் பெண்ணுக்கும், வில்லன் பக்கத்தில் கிளாசோடு நிற்கும் பெண்ணுக்கும் வைத்தது. 1975இல் வந்த இந்திப் படம் 'ஜூலி'. அதில் கல்யாணத்துக்கு முன்பு கர்ப்பமாகும் நாயகி ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண். ஆக, பெண்ணின் பெயரை நாய்க்கு வைக்கக்கூடாது என்ற சட்டம் எல்லாப் பெண்களுக்குமானது அல்ல. நம் வீட்டுப் பெண்ணின் பெயரைக் காப்பாற்ற, அடுத்த தெருப் பெண்ணின் பெயரை எடுத்துக்கொள்கிறோம். இதில் டீசன்ட் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் தங்கள் நாய்க்கு வைக்கும் நாகரிகமான பெயர் எப்படி இருக்கும் என்பதற்கு டிஸ்னியின் 'லேடி அண்ட் த டிராம்ப்' (1955) போதும். குழந்தைகள் படம்தான். ஆனாலும் பெயர்களைக் கவனித்தால் கொஞ்சம் நடுங்கும். கிறிஸ்துமஸ் பரிசாகத் தொப்பிப் பெட்டிக்குள் வரும் குட்டிக்குப் பெயர் லேடி. சீமாட்டி. அவளைப் பரிசாகப் பெறும் மனைவிக்குப் பெயரே கிடையாது. கணவன் 'டார்லிங்' என்று கூப்பிடுவது நாயின் காதில் விழுகிறது, அதுவே அவள் பெயராகிவிடுகிறது. கணவனுக்கும் இதே கதிதான், மனைவி கூப்பிடும் 'ஜிம் டியர்'தான் அவன் பெயர். ஆனாலும் அதற்குள் ஜிம் என்று ஒன்று மிச்சமிருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை.

அதே படத்தில், பிடித்த நாய்களை அடைக்கும் கூண்டில் பெக் என்றொரு பெண் நாய் இருக்கிறாள். மேடையில் ஆடிப் பிழைத்தவள். டிராம்ப் எப்படிப்பட்டவன் என்று தெரிந்து, அதைப் பாட்டாகவே பாடுகிறவள். லேடியின் கழுத்தில் உரிமப் பட்டை இருப்பதால் அவளை விட்டுவிடுகிறார்கள். பெக் என்ன ஆனாள் என்று படம் சொல்வதில்லை. சீமாட்டி என்ற பெயருக்கு ஒரு வீடும் பட்டையும் தேவை, வெளியே இருப்பவளுக்கு அந்தப் பெயர் ஒட்டாது என்பதைக் குழந்தைகளுக்கு இவ்வளவு இனிமையாகச் சொல்லிக்கொடுத்த படம் வேறு இருக்குமா தெரியவில்லை.

நம்மிடம் நல்ல சொற்கள் இல்லாமலில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் எந்த விலங்கின் பெண்ணை எப்படி அழைப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. நாயின் பெண்ணுக்கு அங்கே பிணவு என்றும் பாட்டி என்றும் பெயர். பெட்டை என்ற சொல் ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் போகிறது. சங்கப் பாட்டில் பாட்டியர் என்றால் பாணர் குலப் பெண்கள். இன்று பாட்டி என்றால் அம்மாவைப் பெற்றவள். ஒரே எழுத்துக் கூட்டத்துக்குள் பெண் நாயும் பாடும் பெண்ணும் கிழவியும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் 'பெட்டை' என்றால் வீட்டுப் பிள்ளை, சாதாரணமாகப் புழங்கும் சொல். நம் பக்கம் அதே சொல்லை வசையாக்கியது இலக்கணமல்ல, நாம்தான்.

அதனால்தான் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் அந்த வேட்டை நாய்க்கு வைத்த பெயர் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருப்பி. நிறத்தின் பெயர், நம் பெண்களின் பெயரும்கூட. பள்ளிச் சான்றிதழில் மாற்றிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தப்படுகிற பெயர். கருப்பாயிகள் கவிதாவாகவும் காவியாவாகவும் ஆகிக்கொண்டிருந்த காலத்தில், படம் அதை ஒரு பெண் நாய்க்கு வைத்து, அவளைத் தண்டவாளத்தில் கட்டிக் கொன்றதும் ஊரே மனுஷிக்குச் செய்வதுபோல் ஒப்பாரி வைத்து அடக்கம் செய்வதைக் காட்டுகிறது. பாட்டில் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப விளிக்கிறார்கள். எந்தப் பட்டியலிலும் சேராத பெயர் விளிக்க விளிக்க நிமிர்கிறது.

ஆனால் எனக்கு ஒரு புகார் உண்டு. பரியனை நோகடிக்க அவர்கள் தேர்ந்தெடுப்பது கருப்பியின் உடலை. ஒரு சமூகத்தை அவமானப்படுத்த அதன் பெண்ணைத் தொடும் அதே கணக்கு. படத்துக்கு இது தெரியும். அப்படித் தெரிந்த படம் நாயகி ஜோதி மகாலட்சுமியை மட்டும் கடைசிவரை எதுவும் தெரியாமலே வைத்திருக்கிறது. தன் வீட்டு ஆட்கள் பரியனுக்கு என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இறுதிப் பேச்சுகூட அவள் அப்பாவுக்கும் பரியனுக்கும் இடையில்தான். அவள் வெகுளித்தனத்தைப் பாதுகாப்பதே பரியனின் பெருந்தன்மையாகக் காட்டப்படுகிறது. செத்துப்போன கருப்பி திரும்பத் திரும்ப வருகிறாள், தண்டவாளத்தில் கிடப்பவனை நக்கி எழுப்புகிறாள். படத்தில் எல்லாம் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். அவளுக்கோ பேச வாய் கிடையாது. உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு மகாலட்சுமி என்ற பெயரும் அறியாமையும், இறந்த பெண்ணுக்குக் கருப்பி என்ற பெயரும் ஞானமும் என்று பங்கு பிரித்ததை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

இருந்தாலும் அந்தப் பெயரை மதுரைத் தெருக்களில் சத்தமாகக் கூப்பிட வைத்தது அந்தப் படம்தான். எங்கள் தெருவிலேயே இப்போது இரண்டு கருப்பி. அதில் ஒருத்தி நல்ல வெள்ளை.