இயற்கைப் பரிசோதனையா? – மீரியபெத்த சரிவும் உளவியலாய்வின் மாறிகளும்

உளவியல் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே கற்பவற்றுள் ஒன்று பரிசோதனைகளின் வகைப்பாடாகும். ஆய்வாளர் மாற்றியமைக்கும் காரணி சாரா மாறி. அம்மாற்றத்தின் விளைவாக அளக்கப்படுவது சார்ந்த மாறி. இடையே புகுந்து முடிவைத் திரிக்கக்கூடியவை புறமாறிகள். ஆய்வுகூடப் பரிசோதனையில் ஆட்கள் எழுமாற்றாகக் குழுக்களுக்கு ஒதுக்கப்படுவதால் புறமாறிகள் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவுகின்றன. களப் பரிசோதனை இதனையே அன்றாட வாழ்க்கைச் சூழலில் செய்ய முயல்கின்றது. எழுமாற்று ஒதுக்கீடு இயலாதவிடத்து மேற்கொள்ளப்படும் பகுதிப் பரிசோதனைகளைக் காம்பெலும் ஸ்ரான்லியும் 1963 இல் விரிவாக வகுத்தனர். ஆய்வாளரின் தலையீடின்றி வெள்ளம், மண்சரிவு போன்ற நிகழ்வொன்றே சாரா மாறியாக அமைவது இயற்கைப் பரிசோதனை எனப்படும்.

இவ்வகைப்பாடு பயனுடையதே. ஆயினும் அதனை மலையகத்தின் மீது அப்படியே பொருத்துமிடத்து எழும் இடர்ப்பாட்டை நாம் நோக்குதல் வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. பாடநூலின்படி இஃது ஓர் இயற்கைப் பரிசோதனை. சரிவு சாரா மாறி. பிள்ளைகளின் அச்சம், உறக்கக் குலைவு, கல்வி நாட்டம் ஆகியன சார்ந்த மாறிகள். சரிவுக்கு உட்படாத அயல் தோட்டத்துப் பிள்ளைகள் ஒப்பீட்டுக் குழு.

இவ்வமைப்பில் மறைந்துபோவது யாது? நிகழ்வு எவரைத் தாக்குகின்றது என்பது ஏறத்தாழ எழுமாற்றானது என்னும் எடுகோளிலேயே இயற்கைப் பரிசோதனையின் வலிமை தங்கியுள்ளது. மீரியபெத்தவில் அவ்வெடுகோள் பொருந்தாது. மழை இயற்கையானது, சரிவின் கீழ் எவர் குடியிருந்தனர் என்பது இயற்கையன்று. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எனினும் மக்கள் அங்கேயே இருந்தனர். சொந்தக் காணியற்ற தொழிலாளிக்கு லயன் காம்பிராவைத் தவிர வேறு புகலிடம் இருக்கவில்லை. கோப்பிக்காலம் முதல் தொடர்ந்த தோட்ட முறைமையும், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் விளைத்த நாடற்ற நிலையும் இந்நிலைமையின் வேர்களாகும். சாரா மாறி எனக் கொள்ளப்படுவது இங்கு வரலாற்றின் சார்ந்த மாறியே.

ஒப்பீட்டுக் குழுவும் ஐயத்துக்குரியது. அயல் தோட்டத்துப் பிள்ளைகளும் அதே மலைச்சாரலில், அத்தகைய லயன்களிலேயே உறங்குகின்றனர். மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் அவர்களுக்கும் அச்சமூட்டுவதே. இரு குழுக்களுக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லையெனின், சரிவு பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்று முடிவு செய்தல் பெருந்தவறாகும்.

காலமும் ஒரு மாறியே. உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டனர். புதிய வீடுகள் 2016 இலேயே கையளிக்கப்பட்டன. ஈராண்டு கழிந்து அளக்கப்படும் துயர் சரிவினால் வந்ததா, காத்திருப்பினால் வந்ததா? வினாக்கொத்தின் புள்ளிகள் மட்டும் இதற்கு விடை தரா. துயரத்தை முற்றிலும் சரிவின் கணக்கில் எழுதிவிடும் ஆய்வு, காத்திருக்க வைத்தோரின் பொறுப்பைத் தன்னையறியாமலே கழித்துவிடுகின்றது.

இவ்விடத்து ஒஸ்திரியாவின் மரியன்தால் கிராம ஆய்வு நினைவுகூரத்தக்கது. ஆலை மூடப்பட்டு வேலையிழந்த அவ்வூரினரை ஆராய்ந்த யஹோடாவும் லாசர்ஸ்ஃபெல்டும் சைசலும் தம் நூலை 1933 இல் வெளியிட்டனர். மக்கள் வீதியில் நடந்த வேகத்தையும், நூலகத்திற் பெற்ற நூல்களின் தொகையையும், குடும்பத்தின் உணவையும் அவர்கள் கணக்கிட்டனர். எண்ணிக்கையைக் கைவிடாது, அதனை ஊரின் வரலாற்றோடு இணைத்து வாசித்தனர். மனம் சோர்ந்ததற்கான காரணத்தை மனத்துள் மட்டும் அவர்கள் தேடவில்லை.

மலையக ஆய்வாளர் பரிசோதனை முறையைத் துறக்கவேண்டியதில்லை. 'தோட்டம்' என்னும் ஒரு சொல்லைத் தனி மாறியாக்காது, அதனுள் அடங்கிய காணியின்மை, கூலி, குடியிருப்பு, பாடசாலைத் தூரம் ஆகியவற்றைப் பிரித்து அளத்தலே அவர்முன் உள்ள பணி. எதனை மாறி என்கின்றோம், எதனை மாறாததெனக் கருதி விட்டுவிடுகின்றோம் என்பதிலேயே ஆய்வாளரின் சமூக நோக்கு வெளிப்படுகின்றது. லயன் காம்பிராவை மாறாததெனக் கொள்ளும் ஆய்வு, அதனை மாற்றவேண்டிய தேவையையும் காணாது போகும்.