கை உயர்த்தாத குழந்தை

போக்கிமான் கார்டு ஆட்டத்தில், தன் முறை வரும்போது ஓர் ஆட்டக்காரர் கையிலிருந்து ஒரே ஓர் எனர்ஜி கார்டைத்தான் தன் போக்கிமானோடு சேர்க்கலாம். பத்து வயதுப் பையன் ஒருவன் ஆட்ட வேகத்தில் அதை மறந்து இரண்டாவது கார்டையும் வைத்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருக்கும் சிறுமி கவனிக்கவில்லை. நாலடி தள்ளி நிற்கும் அவள் அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. அவர் வாய் திறந்தால் ஆட்டத்தில் தலையிட்டவர் ஆவார். பேசாமல் நின்றால், நடக்கக் கூடாத ஒரு நகர்வால் மகள் தோற்கக்கூடும். அந்த அம்மா என்ன செய்ய வேண்டும்?

சிறுவர் கார்டுப் போட்டிகளின் நடுவர் முறையையும் பார்வையாளர் ஒழுங்கையும் எடைபோட இந்த ஒரு கேள்வியே போதும். அந்த முறையின் சிறப்பும் குறையும் இதற்குள்ளேயே இருக்கின்றன.

1993-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' இவ்வகை ஆட்டங்களுக்கு வழி திறந்தது. 1996-ல் ஜப்பானில் போக்கிமான் கார்டுகள் வந்தன. 2004-ல் ஆர்லாண்டோவில் தொடங்கிய போக்கிமான் உலகப் போட்டி லண்டன், யோகோஹாமா, ஹோனலூலு என்று பல ஊர்களைக் கண்டுவிட்டது. ஆடுபவர்களை வயதுப்படி மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ 12 வயது வரை ஜூனியர், அதற்கு மேல் 16 வயதை ஒட்டி சீனியர், அதன் பிறகு மாஸ்டர்ஸ். வட்டாரப் போட்டிகளில் புள்ளி சேர்த்தவர்களுக்கு உலகப் போட்டிக்கு அழைப்பு வருகிறது. பரிசுப் பணமும் உண்டு. ஆகவே எட்டு வயதுக் குழந்தை உட்காரும் மேசையிலும் பெரியவர்களின் ஆசை ஒன்று கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த ஆசையைத் தள்ளி நிறுத்தத்தான் விதிகள். ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர் பேசக் கூடாது. சந்தேகம் வந்தால் ஆடுபவரே கையை உயர்த்தி "ஜட்ஜ்" என்று கூப்பிட வேண்டும். நடுவர் வந்து இருவரையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். ஏற்க முடியாவிட்டால் தலைமை நடுவரிடம் முறையிடலாம்; அவர் சொல்வதே முடிவு.

இதன் முதல் சிறப்பு, மேசையைக் குழந்தையிடமே விட்டுவிடுவது. பள்ளியிலும் வீட்டிலும் குழந்தைக்காகப் பேசப் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். இங்கே இல்லை. ஆட்டம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு இரண்டு குழந்தைகளுக்கும் சமம். முன்பின் தெரியாத ஒருவரோடு கருத்து வேறுபட்டால் சண்டையிடாமல், அழாமல், விட்டும் கொடுக்காமல் மூன்றாவது ஒருவரை அழைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்பதை ஒன்பது வயதில் கற்றுக்கொள்வது பெரிய கல்வி. நடுவரைக் கூப்பிடுவது எதிராளியைத் திருடன் என்று சொல்வது ஆகாது என்ற பழக்கமும் இங்கே ஊறியிருக்கிறது. நான் இந்தப் போட்டிகளில் மிகவும் மதிப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

இரண்டாவது சிறப்பு, சமன். எல்லாக் குழந்தைக்கும் பின்னால் ஆட்டம் தெரிந்த ஒரு தந்தை நிற்பதில்லை. சிலரின் பெற்றோருக்கு விதி தெரியாது. சிலர் வேலைக்குப் போயிருப்பார்கள். பார்வையாளர் பேசலாம் என்று விட்டால், ஒரு பக்கம் இரண்டு மூளைகளும் மறுபக்கம் ஒன்றும் ஆடும். மேஜிக் போட்டி விதிகள் வெளியாரிடம் யோசனை பெறுவதையும் கொடுப்பதையும் கடுமையான குற்றமாக வைத்து, அந்தச் சுற்றையே இழக்கும் தண்டனை விதிப்பது இதனால்தான். அதே விதிகள், தவறு ஒன்றைக் கண்ட பார்வையாளர் நடுவரிடம் சொல்வதை ஊக்குவிக்கவும் செய்கின்றன. கீழ்நிலைப் போட்டிகளில், நடுவரை அழைத்து வரும்வரை ஆட்டத்தை நிறுத்திவைக்கச் சொல்லலாம். தொழில்முறைப் போட்டிகளில் அதுவும் கூடாது. தன்னை இன்னார் நின்று பார்க்க வேண்டாம் என்று நடுவர் வழியாகக் கேட்கும் உரிமையும் ஆட்டக்காரருக்கு உண்டு.

மூன்றாவது சிறப்பு, தண்டனைக்கு ஒரு படிவரிசை இருப்பது. போக்கிமானில் அறிவுறுத்தல், எச்சரிக்கை, எதிராளிக்குப் பரிசுக் கார்டு (போக்கிமானை வீழ்த்தும்போது வெற்றியை நோக்கி எடுக்கும் கார்டு), ஓர் ஆட்டத்தின் இழப்பு, தகுதிநீக்கம் என்று அது ஏறுகிறது. தெரியாமல் செய்த தவறும் தெரிந்து செய்த ஏமாற்றும் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. நடுவரின் அன்றைய மனநிலைக்குத் தீர்ப்பு கட்டுப்படாமல் இருக்க இது உதவுகிறது. உச்சியில் இருப்பவருக்கும் இந்த விதி தளர்வதில்லை. 2024 ஆகஸ்டில் ஹோனலூலுவில் மாஸ்டர்ஸ் பிரிவின் கடைசிச் சுற்றுகளில் ஒன்றை வென்ற ஒருவர், நேரலையில் செய்த தகாத சைகைக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அவரிடம் தோற்றவர் அடுத்த சுற்றுக்குப் போனார். சிலி நாட்டு இளைஞர் ஃபெர்னாண்டோ சிஃபுவென்டெஸ் பட்டம் வென்றார். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அரங்கில் நடத்தையும் ஆட்டத்தின் பகுதி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் குறை எங்கே? விதிகள் பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதில்தான். இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் அவை ஏறக்குறைய சரியாக வேலை செய்கின்றன. குழந்தைகள் உட்கார்ந்தால் சில இடங்களில் பிடி நழுவுகிறது.

முதலாவது, வாயை மூடினால் மௌனம் என்று விதி எண்ணுகிறது. குழந்தை பெற்றோரின் முகத்தைப் படித்து வளர்ந்தது. கார்டை எடுத்துவிட்டு ஒரு கணம் அப்பாவை நிமிர்ந்து பார்க்கும். அவர் புருவம் சுருங்கினால் கார்டு கைக்குத் திரும்பும். ஒரு பெருமூச்சு போதும், நகர்வு மாறிவிடும். அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் மனமறிந்து செய்ததாகக்கூட இருக்காது. எந்த நடுவரும் இதை நிரூபிக்க முடியாது. நிரூபித்தாலும் தண்டனை யார் தலையில் விழுகிறது? சுற்றை இழக்க நேரக்கூடியது குழந்தைக்கு. இரு பெரியவர்கள் கூடிப் பேசி யோசனை பரிமாறினால் இருவரும் குற்றவாளிகள். ஆனால் கேட்காமலே வந்த உதவிக்கு எட்டு வயதுக் குழந்தையைத் தண்டிப்பது நியாயம் ஆகாது.

இரண்டாவது, பார்வையாளரின் கண் ஒருபக்கம் சாய்ந்தது. எதிராளி இரண்டாவது எனர்ஜி கார்டை வைத்தால் ஓடிப்போய் நடுவரிடம் சொல்லும் தாய், தன் மகள் வைத்தாலும் அப்படி ஓடுவாரா? இன்னொரு சிக்கலும் உண்டு. எதிராளியின் போக்கிமானை வீழ்த்திய மகள் பரிசுக் கார்டை எடுக்க மறந்தால் அது விதிப் பிழை; நடுவரிடம் சொல்லலாம். எனர்ஜி கார்டு வைக்கவே மறந்தால் அது அவள் தவறவிட்ட வாய்ப்பு. அதைச் சொல்வது யோசனை கொடுத்தது ஆகும். ஆட்டத்தை நன்றாக அறிந்தவருக்கே இந்தக் கோடு சட்டென்று தெரிவதில்லை. பதற்றத்தில் நிற்கும் பெற்றோர் அதை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள்.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான குறை, கையை உயர்த்தும் சுமை முழுவதையும் குழந்தைமேல் வைத்தது. கூச்சமில்லாத குழந்தை உடனே "ஜட்ஜ்" என்று குரல் கொடுக்கும். கூச்சமுள்ள குழந்தைக்கு அந்த ஒரு சொல் மலை. எதிரே இருப்பவன் இரண்டு வயது மூத்தவனாக, வேகமாகப் பேசுபவனாக இருந்து, "இந்தக் கார்டு இப்படித்தான் வேலை செய்யும்" என்று அடித்துச் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரும். உள்ளூர்ச் சிறு போட்டிகளில் ஆள் குறைந்தால் வயதுப் பிரிவுகளைச் சேர்த்து ஆடவைப்பதும் உண்டு. அப்போது எதிரே வளர்ந்தவரே உட்கார்ந்திருக்கலாம். பெரிய போட்டிகளில் மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய சுற்றுக்கு 50 நிமிடம். கை உயர்த்தத் தயங்கும் குழந்தை ஆட்டத்தோடு நேரத்தையும் இழக்கிறது.

இங்கே சதுரங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். சென்னையில் வயதுவாரி சதுரங்கப் போட்டிகளுக்குப் பிள்ளையை அழைத்துப் போனவர்களுக்குத் தெரியும், பெற்றோரின் இடம் பெரும்பாலும் ஆட்டக்கூடத்துக்கு வெளியேதான். உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடேயின் விதியும், முறைகேட்டைப் பார்த்தவர் நடுவரிடம் மட்டுமே சொல்லலாம் என்கிறது. தலையிடுபவரை வெளியேற்றும் அதிகாரத்தை நடுவருக்குத் தருகிறது. முகம் படிக்கும் சிக்கல் அங்கே கதவோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். நகர்வுகள் தாளில் எழுதப்படும். தகராறு வந்தால் பின்னால் போய்ப் பார்க்கலாம். கார்டு ஆட்டத்தில் கையில் இருப்பது மறைவு, கட்டு கலைக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது, நகர்வுக்கு ஏடு இல்லை. தவறு நடந்து நாலைந்து முறை கடந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியே இருக்காது. எனவே சதுரங்கத்தைப் போலப் பெற்றோரை வெறுமனே வெளியேற்றினால் போதாது. போன கண்களுக்குப் பதிலாக நடுநிலையான கண்களை உள்ளே வைக்க வேண்டும்.

அந்தக் கண் நடுவருடையது. மேஜிக் போட்டிகளில், ஆட்டக்காரர் தன் கார்டின் தானியங்கி விளைவை மறந்தால் நடுவர் பெரும்பாலும் குறுக்கிடாமல் இருப்பது கொள்கையாகவே இருக்கிறது. நினைவில் வைப்பதும் திறமை என்பது அதன் நியாயம். பெரியவர்களுக்கு அது பொருந்தும். ஜூனியர் பிரிவில் இந்த மனப்பாங்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது. விதி பிறழ்வதைக் கண்ட நடுவர், கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே நிறுத்தித் திருத்த வேண்டும். ஒரு நடுவர் பல மேசைகளைச் சுற்றிவரும் இடத்தில் இது எளிதன்று என்பது உண்மை. அப்படியானால் கூடுதல் நடுவர்களை முதலில் அனுப்ப வேண்டிய இடம் ஜூனியர் மேசைகள்தான்.

நான்காவது குறை, தாளில் நேர்ந்த பிழைக்கும் ஆட்டத்தில் தண்டனை. போக்கிமான் கட்டில் சரியாக 60 கார்டுகள் இருக்க வேண்டும். கொடுத்த பட்டியலும் கட்டும் ஒத்துப்போக வேண்டும். சிறு குழந்தையின் பட்டியலைப் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான் எழுதித் தருகிறார். அதில் ஓர் எண் மாறினால் ஓர் ஆட்டமே பறிபோகலாம். ஐந்தாவது, ஏமாற்றியதாகச் சந்தேகம் எழும்போது குழந்தை தனியாகப் பெரியவர்கள் முன் நிற்க நேரக்கூடிய நிலை. பெற்றோரைத் தள்ளி நிறுத்தும் விதி, அவர் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலும் தள்ளி நிறுத்திவிடக்கூடும்.

"விதி விதிதான், தளர்த்தினால் எதிரே இருக்கும் குழந்தைக்கு அநீதி" என்பார்கள். உண்மைதான். ஒரு குழந்தையிடம் இரங்கித் தீர்ப்பை மாற்றினால் மற்றதிடமிருந்து பறித்ததாகும். ஆகவே கனிவு தீர்ப்பில் வரக் கூடாது. தீர்ப்புக்கு முன்னும் பின்னும் வர வேண்டும். இன்பம், நியாயம், நேர்மை, மரியாதை, விளையாட்டுப் பண்பு, கற்றல் என்று ஆறு பண்புகளைப் போக்கிமான் அமைப்பே தன் ஆட்டத்தின் உயிராக எழுதி வைத்திருக்கிறது. கற்றலும் அந்த வரிசையில் இருப்பதால், காரணம் சொல்லாமல் கொடுத்த தண்டனை அரைகுறைத் தண்டனையே.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. பெற்றோருக்கு ஒரு கயிற்றுக் கோடு போடலாம். பிள்ளை நிமிர்ந்தால் அம்மா அங்கே இருக்கிறார் என்று தெரியும் தொலைவு. ஆனால் அம்மாவுக்குக் கார்டில் உள்ளது தெரியாத தொலைவு. முதல் சுற்றுக்கு முன் தலைமை நடுவர் எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறை கை உயர்த்தி "ஜட்ஜ்" என்று சேர்ந்து கூப்பிடச் சொல்லலாம். அந்தச் சொல்லின் பாரம் பாதியாகிவிடும். ஜூனியர் பட்டியல்களைப் போட்டி தொடங்கும் முன்பே சரிபார்த்துத் திருத்த இடம் தரலாம். தீர்ப்புச் சொல்லும் நடுவர் குனிந்து, குழந்தையின் கண்மட்டத்துக்கு வந்து, தயங்கும் பக்கத்தை முதலில் கேட்டு, காரணத்தையும் சொல்லலாம். ஏமாற்று விசாரணையில் பெற்றோர் பேசாமல் பக்கத்தில் உட்கார இடம் கொடுக்கலாம். பெரியவர் தலையிட்டால் முதலில் அந்தப் பெரியவரை வெளியே அனுப்பலாம். அவர் சொன்னதைக் குழந்தை பயன்படுத்தியிருந்தால் மட்டும் ஆட்டத்தைத் தொடலாம்.

பார்வையாளர் பேசாதிருக்கும் விதி சரியானது. அதைத் தளர்த்தக் கூடாது என்பதே என் முடிவு. ஆனால் பெரியவர்களை அடக்கிவிட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று அந்த விதி நினைத்துக்கொள்வது தவறு. அவர்கள் காலி செய்த இடத்தில் குழந்தையின் குரல் எழ உதவுவதும் நடுவரின் வேலைதான்.

அந்த அம்மாவுக்கு வருவோம். அவர் மேசையைவிட்டு விலகி, மகளைப் பார்க்காமல், நேரே நடுவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நாளை தன் மகள் இரண்டாவது கார்டை வைத்தாலும் அதே நடுவரிடம் அதே வேகத்தில் போக வேண்டும். அவரையும் அவரைப் போன்ற பெற்றோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுற்று முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்று தொடங்காதீர்கள். "சந்தேகம் வந்தப்போ கை தூக்குனியா?" என்று கேளுங்கள்.