கப்பல் பங்கும் கொழுத்த டிவிடெண்டும்

இஸ்ரேலின் ஸிம் கன்டெய்னர் கப்பல் நிறுவனம் 2021 ஜனவரியில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கு 15 டாலர். 2022 ஏப்ரலில் அது ஒரே தவணையில் கொடுத்த டிவிடெண்ட் 17 டாலர். கொரோனா காலத்தில் எகிறிய சரக்குக் கட்டணம் தந்த பணம் அது.

ஆண்டு லாபத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை பங்குதாரர்களுக்குக் கொடுப்பது ஸிம்மின் கொள்கை. லாபம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கட்டணம் ஏறி இறங்கும் தொழிலுக்கு இதுதான் நேர்மையான வழி. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் பென் சென்ட்ரல் ரயில் நிறுவனம் பணத் தட்டுப்பாட்டிலும் கடன் வாங்கிக்கொண்டே டிவிடெண்ட் கொடுத்தது. 1970 ஜூனில் திவாலானது.

ஆனால் அந்த 17 டாலருக்காகவே கடைசி நேரத்தில் பங்கை வாங்கியவரின் கணக்கைப் பாருங்கள். எக்ஸ்-டிவிடெண்ட் தேதியில் (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) டிவிடெண்ட் அளவுக்குப் பங்கு விலை இறங்குவது இயல்பு. இஸ்ரேல் பிடிக்கும் 25 சதவீத வரி போகக் கைக்கு வருவது 12.75 டாலர்தான். டிவிடெண்ட் கொள்கையால் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்று பொருளியலாளர்கள் மில்லரும் மோடிக்லியானியும் 1961-ல் வாதிட்டது வரியே இல்லாத சந்தையை வைத்து. வரி உள்ள இடத்தில் டிவிடெண்டைத் துரத்துவது நட்டத்தில் முடியலாம்.

இந்த வரி இழப்பைவிடப் பெரிய குறை, ஸிம்மின் கொள்கை முடிந்துபோன காலத்தின் லாபத்தை மட்டும் பார்ப்பது. ஸிம் ஓட்டும் கப்பல்களில் பெரும்பாலானவை வாடகைக் கப்பல்கள். சரக்குக் கட்டணம் சரிந்தாலும் ஒப்பந்தம் போட்ட வாடகை குறையாது. 20 அடி கன்டெய்னருக்கு 2022-ல் சராசரியாக 3,240 டாலர் வாங்கிய நிறுவனத்துக்கு 2023-ல் கிடைத்தது 1,203 டாலர். அந்த ஆண்டின் முதல் காலாண்டே நட்டம். ஆனாலும் 2022 லாபத்துக்காக ஏப்ரலில் பங்குக்கு 6.40 டாலர் கொடுக்கப்பட்டது. ஆண்டு முடிவில் நட்டம் 269 கோடி டாலர். டிவிடெண்ட் நின்றது; நவம்பரில் பங்கு 10 டாலருக்கும் கீழே கிடந்தது.

விலையைச் சாய்த்தது சரக்குக் கட்டணமே. டிவிடெண்ட் அந்தச் சரிவைக் கூர்மையாக்கியது என்பேன். அதற்காக வந்தவர்களுக்கு, அது நின்றபின் பங்கை வைத்திருக்கக் காரணம் இல்லை. லாபத்துக்கேற்பக் கொடுப்பது சரி. உச்ச லாபத்தில் பாதியை வாரிக் கொடுத்தது தவறு. வரப்போகும் வாடகைக்கு ஒதுக்கிய பிறகே பங்கிட்டிருக்க வேண்டும்.

டிவிடெண்ட் ஈல்டு (பங்கு விலையில் டிவிடெண்டின் பங்கு) என்று இணையத்தில் காணும் சதவீதம் பெரும்பாலும் கடந்த 12 மாதக் கணக்கு. கப்பல் பங்கு வாங்கும் முன் இன்றைய சரக்குக் கட்டணத்தையும், ஆண்டறிக்கையில் உள்ள கப்பல் வாடகைப் பொறுப்பையும் பாருங்கள்.