ஒரே படம், மூன்று ஒளி

ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த ‘நிலா உதயம், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலர் போனில் பார்த்திருப்பார்கள். 1941 நவம்பர் மாலையொன்றில், சாலையோரம் அவசரமாக வண்டியை நிறுத்தி, 8x10 அங்குல நெகட்டிவ் போடும் பெரிய கேமராவில் எடுத்த படம் அது. கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில் விழுந்துகொண்டிருந்தது. லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு அவருக்கு நினைவில் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டு ஷட்டரைத் திறந்தார். இன்னொன்று எடுக்கத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து வாழ்நாள் முழுக்க 1,300-க்கும் மேற்பட்ட பிரிண்டுகளைப் போட்டார்.

அந்தப் பிரிண்டுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. தொடக்க காலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம்; மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நிலா தனித்து நிற்கும். இருட்டறையில் எந்த இடத்துக்கு எவ்வளவு ஒளி கொடுப்பது என்று ஒவ்வொரு முறையும் அவர் எடுத்த முடிவுதான் அந்த வேறுபாடு. இணையத்தில் தேடினால் இரண்டு வானங்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியகத்தில்கூட எளிதில் வாய்க்காது. திரைக்கு நான் மனமாரக் கொடுக்கும் மதிப்பெண் இது. ஆனால் அங்கே தெரியும் கறுப்பு ஆடம்ஸ் முடிவு செய்த கறுப்பல்ல. உங்கள் போனின் வெளிச்ச அளவு முடிவு செய்த கறுப்பு.

ஆகவே எந்தப் படத்தையும் ரசிக்க உட்காரும்போது, அதன் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பிரிண்டுக்குச் சொந்த ஒளி கிடையாது. அறையில் இருக்கும் வெளிச்சத்தை வாங்கித்தான் அது திருப்பித் தருகிறது. பளபளப்பான தாளின் வெள்ளை, அதன் மிக ஆழ்ந்த கறுப்பைவிட ஏறத்தாழ நூறு மடங்குதான் வெளிச்சமாக இருக்கும்; மேட் தாளில் இன்னும் குறைவு. சாதாரண கணினித் திரையிலேயே இது ஆயிரம் மடங்கைத் தொடும். ஓஎல்இடி போனில் கறுப்புப் புள்ளி முற்றிலும் அணைந்தே போகிறது. எண்ணிக்கையில் தாள் தோற்றுவிட்டது என்று தோன்றலாம். ஆனால் வெயிலும் நிழலும் நிறைந்த ஒரு தெருவை அந்தக் குறுகிய எல்லைக்குள் அடக்கும்போது, எதை இருட்டில் விடுவது, எதைக் காப்பாற்றுவது என்று பிரிண்ட் போடுகிறவர் தீர்மானித்தே ஆகவேண்டும். நல்ல பிரிண்டில் நாம் ரசிப்பது அந்தத் தீர்மானங்களைத்தான்.

அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் பிரிண்டைப் பிடியுங்கள். முதலில் படத்தின் மிக இருண்ட பகுதியைத் தேடுங்கள். பிறகு அதைவிட ஒரு படி குறைந்த இருட்டை. அடுத்து இன்னொரு படி. நல்ல கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் நிழலுக்குள் நிழலாகப் பல படிகள் இருக்கும், அவற்றில் துணி மடிப்பும் சுவரின் சொரசொரப்பும் ஒளிந்திருக்கும். அதன்பின் பிரிண்டை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய ஸ்டூடியோப் படம் இருந்தால், இருண்ட பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த ஒரு வெள்ளி மினுமினுப்பு தென்படக்கூடும். படத்தை உண்டாக்கிய வெள்ளியே காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து படிந்திருக்கிறது. அதை ஸ்கேன் செய்து அனுப்பினால் அந்த மினுமினுப்பு வருவதில்லை. அது படத்தில் இல்லை, அந்தத் தாளில் இருக்கிறது.

அருங்காட்சியகங்களில் பழைய பிரிண்டுகளை மங்கலான வெளிச்சத்தில், பல இடங்களில் 50 லக்ஸ் அளவில்தான் வைக்கிறார்கள். ஒளி பட்டால் அவை வெளுக்கும். வெளிவெயிலிலிருந்து நுழைந்ததும் ஒன்றுமே தெரியவில்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். கண் பழகச் சில நிமிடங்கள் கொடுங்கள்.

அளவு என்பதும் படத்தின் ஒரு பகுதி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னியஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். 21 பிரிண்டுகளை ஒட்டிச் சேர்த்த அந்த நீள்படம் ஏறக்குறைய 19 அடி. கல்வெட்டைப் படிக்கிறவர் கோயிலைச் சுற்றி நடப்பதுபோல, படத்தைப் பார்க்கிறவரும் அதன் ஓரமாக நடந்தே ஆகவேண்டும். போனில் அது ஒரு நூல்பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. பெரிதாக்கினால் துண்டு துண்டாகிவிடுகிறது. டிரைப் பயன்படுத்தியது மெழுகூட்டிய தாள் நெகட்டிவ். அதன் நார்கள் கல்லின் மேல் ஒரு மென்மையைப் படியவிட்டிருக்கின்றன. பிரிண்டில் வெளிறிப்போகும் வானத்துக்கு, நெகட்டிவிலேயே மேகங்களை அவரே தூரிகையால் தீட்டியதும் உண்டு. அவர் எடுத்த படங்களைத் திரையில் பார்த்தாலும், இன்ன அளவு, இன்ன தாள் என்று கீழே போட்டிருக்கும் வரியைப் படித்துவிட்டுப் பாருங்கள். அந்த நீள அகலத்தைக் கையால் காற்றில் வரைந்து பார்த்தாலே படம் வேறாகத் தெரியும்.

இனி நம் கையில் இருக்கும் படங்கள். 24 மெகாபிக்சல் கேமரா 6000 x 4000 புள்ளிகளைப் பதிகிறது. 4கே டிவி காட்டுவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். பதிந்ததில் மூன்றில் ஒரு பங்கு. 1080 புள்ளி அகலமுள்ள போனை நிமிர்த்திப் பிடித்து அகலவாட்டுப் படத்தைப் பார்த்தால் எட்டு லட்சம்கூடத் தேறாது. அதே படத்தை 20 x 13 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் எல்லாப் புள்ளிகளும் தாளில் இறங்கிவிடும். திரையில் முழுப் படம் வேண்டுமென்றால் நுணுக்கத்தை விடவேண்டும். நுணுக்கம் வேண்டுமென்றால் பெரிதாக்கி, சட்டகத்தை இழக்கவேண்டும். பிரிண்டில் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன: ஓரடி பின்னால் போனால் திருவிழாக் கூட்டம், கிட்டே வந்தால் தேர்வடம் பிடிக்கும் ஒருவரின் கைநரம்பு. எனக்குப் பிரிண்டின் மேல் உள்ள தீராத ஆசைக்கு முதல் காரணம் இதுதான்.

புரொஜக்டர் வேறு உலகம். அதனால் கறுப்பை வீச முடியாது; ஒளியை மட்டுமே வீச முடியும். சுவரில் நீங்கள் காணும் கறுப்பு என்பது அந்த அறையில் ஏற்கெனவே இருக்கும் இருட்டு, அவ்வளவே. கல்யாண மண்டபத்தில் டியூப்லைட்டுகள் எரியும்போது ஓட்டும் படம் சாம்பல் பூத்துக் கிடப்பது இதனால்தான். ஜன்னலை மூடி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அதே படத்தைப் போட்டால் அதற்கு உயிர் வரும். ஸ்லைடு பிலிமின் காலத்தில் இந்த ஒழுங்கு தானாகவே இருந்தது. 1935-இல் வந்து 2009 வரை விற்பனையில் இருந்த கோடக்ரோம், இருட்டான அறையில் வீசிப் பார்க்கவே ஏற்ற பிலிம். இருட்டில் பத்திரமாக வைத்தால் அதன் நிறம் பல பத்தாண்டுகள் நிற்கும். புரொஜக்டர் விளக்கில் அடிக்கடி காட்டினால் வெளுத்துவிடும். பழைய ஸ்லைடுப் பெட்டி யாரிடமாவது இருந்தால் ஸ்கேன் செய்து, பிரதியை மட்டும் திரையிடுங்கள்.

புரொஜக்டர் காலத்தையும் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. நியூயார்க் கலைஞர் நேன் கோல்டின், தன் நண்பர்களின் வாழ்க்கையைப் படமெடுத்து, ஏறக்குறைய 700 ஸ்லைடுகளைப் பாடல்களோடு முக்கால் மணி நேரம் ஓட்டினார். ஒரு முகத்துக்குச் சில நொடிகள்தான். பிடித்துப்போன முகமும் போய்விடும். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவை 1986-இல் புத்தகமாக வந்தபோது, பக்கத்தைப் புரட்டும் உரிமை வாசகருக்குக் கிடைத்தது. இரண்டில் எது மேல் என்ற கேள்வியே எனக்குப் பொருளற்றது. திரையிடும்போது இருட்டில் பலரோடு உட்கார்ந்து, அடுத்த படத்துக்கு உங்களை ஒப்புக்கொடுங்கள். புத்தகத்தில் ஒரு பக்கத்திலேயே அரை மணி நேரம் இருங்கள்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தை 8x12 அளவில் லேபில் இரண்டு பிரிண்ட் போடச் சொல்லுங்கள். ஒன்று கிளாசி, ஒன்று மேட். ‘பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது’ என்று பலரும் லேபைக் குறை சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம், திரையை மிக அதிக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததுதான். ஆகவே போனில் வெறும் வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். இரண்டு வெள்ளையும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை போனின் வெளிச்சத்தைக் குறையுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இப்போது மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பூக்கடைப் படமென்றால், ரோஜாவின் சிவப்பு போனில் துள்ளும். கிளாசியில் அடங்கி ஆழமாகும். மேட்டில் இதழின் தோல் தெரியும். பிறகு பிரிண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு காலை ஜன்னலருகே ஒருமுறை, இரவு மஞ்சள் பல்பின் கீழ் ஒருமுறை பாருங்கள். நிறம் எங்கே இடம் மாறுகிறது என்று கவனியுங்கள். எந்த விளக்கில் முகம் முகமாக இருக்கிறதோ, அந்த விளக்கு விழும் சுவரில் ஆணி அடியுங்கள்.